எச்ஐவியின் சுவிட்ச் எல்லாத் துணைவகைக்கும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உறங்கும் எச்ஐவியை எழுப்பி அழிக்கும் ஆய்வுகள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கிருமியின் மரபணுப் படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் எல்டிஆர் பகுதியில், என்எஃப்-கப்பாபி என்ற மனிதச் செல்லின் புரதம் ஒட்டும் ‘கப்பாபி இடங்கள்’ இரண்டு இருப்பதாகப் படம் போட்டிருந்தீர்கள். படத்தில் பிழையில்லை. ஆனால் அது எச்ஐவியின் பல துணைவகைகளில் ஒன்றான பி-யின் படம். சிங்கப்பூரில் பி-யோடு பரவலாகக் காணப்படுவது 01_ஏஇ என்ற வகை. இரண்டும் கலந்து பிறந்த 51_01பி இங்கேதான் முதலில் கண்டறியப்பட்டது. இந்தியாவிலோ பெரும்பாலும் சி துணைவகை.

எல்டிஆர் சுமார் 634 டிஎன்ஏ எழுத்து நீளம். அதில் என்எஃப்-கப்பாபி புரதம் ஒட்டும் இடம் பத்தே எழுத்து: ஜிஜிஜி ஏசி டிடிடி சிசி. பி-யில் இது இரண்டு முறை வரும், சி-யில் பொதுவாக மூன்று, இந்தியாவின் சில சி கிருமிகளில் நான்கு. 01_ஏஇ-யில் ஒன்றே ஒன்று. மற்றொன்று இருந்த இடத்தில் மூன்று டி-களில் ஒன்று உதிர்ந்துவிட்டது. அந்த ஓரெழுத்து போனதால் கப்பாபிக்கு அங்கே பிடியில்லை, ஜிஏபிபி என்ற வேறு புரதம் வந்து உட்காருகிறது. ஆர்என்ஏவின் தொடக்கத்தில் கொண்டை ஊசிபோல் மடியும் டார் பகுதியிலும் வேறுபாடு உண்டு. அதன் புடைப்பில் பி-க்கு மூன்று எழுத்து, 01_ஏஇ-க்கு இரண்டு. கிருமியின் டாட் புரதம் இந்தப் புடைப்பைப் பற்றிக்கொண்டுதான் செல்லின் சைக்ளின் டி1 (T1), சிடிகே9 என்ற புரத இணையை அழைத்துவந்து, ஆர்என்ஏவைப் படியெடுக்கையில் பாதியில் நிற்கும் பாலிமரேஸ் என்சைமை ஓடவைக்கிறது.

கிருமியை எழுப்பும் மருந்துகளில் புரோஸ்ட்ராட்டின், பிரையோஸ்டாட்டின் போன்றவை பெரிதும் கப்பாபி வழியாகவே வேலை செய்பவை. அவற்றைச் சோதிக்க அதிகம் பயன்படும், உறங்கும் எச்ஐவியைத் தாங்கிய ஆய்வகச் செல் வகைகளான ஜே-லாட், யு1, ஏசிஎச்-2 ஆகியவற்றுக்குள் இருப்பதோ பி கிருமி. அந்த முடிவை அப்படியே 01_ஏஇ-க்குப் பொருத்திவிட முடியாது.

துணைவகைகளை ஒப்பிடும் சோதனை எளிதாகத் தோன்றும். பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில், ஒளி தரும் லூசிஃபெரேஸ் என்சைமின் மரபணுவுக்கு முன்னால் எல்டிஆரை ஒட்டி, ஜுர்காட் என்ற ஆய்வக டி-செல்லில் செலுத்தி, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து ஒளியை அளப்பார்கள். டிஎன்எஃப் கப்பாபியைத்தான் தூண்டும். அதை மட்டும் கொடுத்துவிட்டு ‘சி-தான் வலியது’ என்று சொன்னால், கேள்வியிலேயே விடையை வைத்தது போலாகும். தூண்டாத நிலை, டாட் மட்டும், டிஎன்எஃப் மட்டும், இரண்டும் சேர்த்து என நான்கையும் அளக்க வேண்டும். டாட் அதே துணைவகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். செல்லுக்குள் போன பிளாஸ்மிட் அளவு சோதனைத் தட்டில் குழிக்குக் குழி மாறும் என்பதால், அதைக் கூடவே செலுத்தும் ரெனிலா லூசிஃபெரேஸ் என்ற மற்றொரு ஒளிரும் என்சைமைக் கொண்டு சரிக்கட்ட வேண்டும். இத்தனை செய்தும் பிளாஸ்மிட் குரோமோசோமுக்கு வெளியேதான் நிற்கிறது. கிருமி உறங்குவதோ குரோமோசோமில், டிஎன்ஏ புரதங்களைச் சுற்றிச் சுருண்ட குரோமாட்டினுக்குள். ஆகவே, மரபணுத்தொகுதியில் பதிந்த கிருமியில் மறுபடி பார்க்காத முடிவைச் செய்தித்தாளில் தலைப்பாக்குவது அவசரம் என்பது எங்கள் கருத்து.

கப்பாபி இடங்கள் கூடினால் நோய் கடுமையாகும் என்றும் யாரும் கணக்குப் போட வேண்டாம். நோயின் வேகத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு. இப்போதைய மாத்திரைகள் பெரும்பாலும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இண்டகிரேஸ், புரோட்டியேஸ் என்சைம்களைத் தடுப்பவை, எல்டிஆரைத் தொடுபவை அல்ல. மேலே சொன்ன வேறுபாடுகளுக்காக யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ தேவையில்லை.

அடுத்தமுறை இத்தகைய படம் வெளியிடும்போது, அது எந்தத் துணைவகையின் படம் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கூறு உயிரியல் துறை வாசகர்கள்,
சிங்கப்பூர்