பிடி அரிசிக்கு ஒரு கணக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களுக்கும், ஜெபத்தில் தாங்கிய எல்லா வீட்டாருக்கும் ஸ்தோத்திரம்.

கம்போடியாவில் இரண்டு வருஷம் மிஷனெரியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. வந்த வாரமே இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும். நாலு தடவை உட்கார்ந்து எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றும் என் பழைய ஜெபக் கடிதம் மாதிரியே வந்து நின்றது: மேலே ஒரு வசனம், நடுவில் ஒரு படம், கீழே வங்கிக் கணக்கு எண். இந்தத் தடவை எண் கிடையாது. பயப்படாமல் வாசிக்கலாம்.

முதலில் அரிசிக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, மாதக் கடைசி ஞாயிறு கோவிலுக்குக் கொண்டு வருகிறீர்களே, அந்த அரிசி. அதை விற்ற காசில்தான் இரண்டு வருஷம் என் வீட்டு வாடகை ஓடியது என்று பொருளாளர் அண்ணன் போன வாரம்தான் சொன்னார்கள். நான் ஏதோ பெரிய இடத்துக் காணிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலத்தெருவில் தனியாக இருக்கிற ஆச்சியிடம் அதைச் சொல்லப் போனேன். ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கிறவர்கள். "உனக்குன்னு எடுக்கும்போது மட்டும் ரெண்டு பிடி எடுப்பேன்ல. என் கை சின்னது பாரு" என்று விரித்துக் காட்டினார்கள். நிஜமாகவே சின்னக் கைதான். அதற்கு மேல் அங்கே எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

1903இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான் கொள்கை. ஓய்வுநாள் பள்ளியில் இதை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். அதில் 'நம் பணம்' என்பது எந்த அளவுப் பணம் என்று ஆச்சியின் கையைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

சரி, அந்த அரிசி என்ன செய்தது என்று சொல்ல வேண்டுமே.

நான் இருந்தது கம்போங் ச்னாங். தலைநகர் நோம் பென்னிலிருந்து வடக்கே 90 கிலோமீட்டர் போல வரும். கம்போங் என்றால் துறை, ச்னாங் என்றால் பானை. பானைத்துறை. அங்கே வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அனுமதி கிடையாது. அரசியல் சாசனப்படி புத்த மதம்தான் அரச மதம். ஆகவே நான் செய்தது, தூண்கள்மேல் நிற்கிற ஒரு வீட்டின் அடியில் சாயங்காலம் இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுத்தது. ஞாயிறன்று அதே இடத்தில் அவர்கள் ஆராதனை. பிரசங்கம் அவர்களுடைய போதகர்தான் செய்வார். நான் பாய் விரிப்பேன், கிட்டார் வாசிப்பேன். கிட்டார்கூட இரண்டு பாட்டுக்குத்தான் தாங்கும்.

முதல் வருஷம் முழுக்க எனக்கு நாக்கே இல்லை. கெமர் மொழியில் 33 மெய்யெழுத்து. வார்த்தைகளுக்கு நடுவே நாம் விடுவதுபோல் இடம் விட மாட்டார்கள், ஒரே ரயில் மாதிரி ஓடும். எண்ணுவது ஐந்தோடு நின்றுவிடும். ஆறு என்றால் 'ஐந்து ஒன்று', ஏழு என்றால் 'ஐந்து இரண்டு'. கணக்கு வாத்தியாராகப் போனவன் எட்டைத் தேடி விரல் மடக்குவதைப் பார்த்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பிறகுதான் ஒருவர் சொன்னார், அந்த எழுத்துக்கு மூலமே நம் பல்லவர் காலத்து எழுத்து என்று. அன்றைக்கு ராத்திரி பாடப் புத்தகத்தை உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். குருவுக்கு 'க்ரூ', பாஷைக்கு 'பியாசா', ஊருக்கு 'பூம்', அதாவது பூமி. எல்லாரும் சொந்தக்காரர்கள்தான், முகம்தான் மாறியிருக்கிறது.

மொழி வருமுன்னே எனக்கு ஊரில் இடம் பிடித்துக் கொடுத்தது பனை. அது அவர்களுடைய தேசிய மரம். நம் தேரிக்காட்டில் நிற்கிற அதே பனை, வயல் வரப்பெல்லாம். பக்கத்து வீட்டுக்காரர் பனையேறி. மரத்தோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, கணுவில் விட்ட கிளைக்குச்சியில் கால் வைத்து ஏறுவார். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். புளிக்காமல் இருக்க நாம் சுண்ணாம்பு தடவுவோம், அவர் உள்ளே மரச்சீவல் போடுவார். என் தாத்தா பாளை சீவுகிறதை அரிவாள் இல்லாமல் வெறும் கையால் நடித்துக் காட்டினேன். அவர் மரத்திலிருந்தபடியே பார்த்துவிட்டு, தப்பு, கையை இப்படித் திருப்ப வேண்டும் என்று மேலிருந்தே திருத்தினார். அன்றிலிருந்து ஊரில் எனக்கு 'பனையேறி பேரன்' என்று பெயர். நம் ஊரில் இந்தப் பெயரை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு காலேஜ் முடித்தவன் நான். இதைத் தாத்தா உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது மழைக்காலத்தில் டெங்கு வந்ததைக் கடிதத்தில் எழுதினேன், நீங்கள் உபவாச ஜெபம் வைத்தீர்கள். ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் என்னைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது அந்தப் பனையேறிதான். அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

விட்டதைவிட மோசம், எழுதின ஒன்று.

அங்கே இருந்தபோது ஒரு ஜெபக் கடிதம் அனுப்பினேன், ஞாபகம் இருக்கும். அதில் ஒரு கிழவியின் படம். போல் பாட் என்கிற கொடுங்கோலன் ஆண்ட காலத்தில், 1975க்கும் 79க்கும் நடுவில், இரண்டு பிள்ளைகளை இழந்தவர், கண்ணீரில் வாழ்கிறார், இப்போது இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறார் என்று எழுதியிருந்தேன். அந்த மாதம்தான் காணிக்கை அதிகமாக வந்தது. எனக்கும் அது தெரியும்.

அவரை யேய் என்று கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். அவருடைய பேரன் என்னிடம் படிக்கிறவன். போனில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டு, பாட்டிக்குச் சத்தமாக வாசித்திருக்கிறான். மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனபோது வேலையில் இருந்தார். அந்த ஊர்ப் பக்கம் பானை செய்யச் சக்கரம் கிடையாது. மண்ணை ஒரு மரக்கட்டைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பானை நிற்கும், ஆள்தான் சுற்றுவது. உள்ளே ஒரு கையில் கல், வெளியே ஒரு கையில் பலகை, தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடை. எழுபது தாண்டியவர், நடையை நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் நின்று தலையை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைகள் செத்தது நிஜம். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். மீதி இருந்த நாலு பேரை இதே மாதிரி நடந்து நடந்துதான் வளர்த்தாராம். அப்புறம், எந்த வெளிச்சத்துக்கு வந்ததாக எழுதினாய் என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்குப் பேரன் பாடினான், அதைப் பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் விகாரைக்குப் போகிறவர். இன்றைக்கும் போகிறார்.

அங்கே மன்னிப்புக் கேட்க 'சோம் தோ' என்பார்கள். அந்தத் 'தோ' நம் தோஷம்தான். சொன்னேன். உடனே ஒன்றும் பதில் இல்லை. பானையின் கழுத்து வந்தபிறகு, "திருத்தி எழுது" என்றார்.

திருத்தாமலே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன். இங்கே திருத்துகிறேன். அந்தப் படத்தில் இருப்பவர் பானை செய்கிறவர். நாலு பிள்ளைகளை வளர்த்தவர். எனக்கு வாரத்துக்கு இரண்டு நாள் சோறு போட்டவர். அந்தக் கடிதத்தைப் பார்த்துக் காணிக்கை கொடுத்தவர்கள் யாருக்காவது மனசு கஷ்டமாக இருந்தால் என்னிடமே வந்து கேளுங்கள், பொருளாளர் அண்ணனைப் பிடிக்க வேண்டாம்.

இப்போது இங்கே வந்த கதை. திரும்பி வருவதுதான் சுலபம் என்று நினைத்திருந்தேன். வந்து இறங்கின அன்றைக்கே கோவில் வாசலில், கல்யாண வீட்டில், பஸ்சில் எல்லாம் ஒரே கேள்வி: "எத்தனை பேர் வந்தாங்க?" எத்தனை பேர் கிறிஸ்துவிடம் வந்தார்கள் என்று அர்த்தம். கேட்கிறவர்கள்மேல் குறை இல்லை, பாசத்தில் கேட்கிறதுதான். ஆனால் என்னிடம் எண் இல்லை. 22 பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்வார்கள். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? இரண்டாவது கேள்வி, "அடுத்து என்ன?" மூன்றாவது கல்யாணம். அதற்கு அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார்கள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் நம் சபைப் போதகர் ஐயரவர்கள் செய்த உதவிக்குத் தனியாக ஒரு நன்றி. சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். "அதெல்லாம் இப்ப வேண்டாம். மூணு மாசம் கடைசி பெஞ்சில உட்காரு. பாட்டு வந்தா பாடு, வரலைன்னா சும்மா இரு" என்று சொல்லிவிட்டார்கள். நான் சும்மாதான் இருந்தேன். பல வாரம் கீர்த்தனையின் நடுவே கெமர் வார்த்தைதான் வாயில் வந்தது. பக்கத்தில் உட்காரும் மாமா ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். அவர்களுக்கும் நன்றி.

தன் டியூஷன் சென்டரில் இரண்டு வகுப்பை என்னிடம் தள்ளிவிட்ட நண்பனுக்கு, நான் கேட்காமலே போனுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் நடக்கிற தம்பிக்கு, நான் இல்லாத இரண்டு வருஷமும் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம். எழுதினால் அடிக்க வருவார்கள்.

அங்கே நன்றிக்கு 'ஓகுன்' என்பார்கள். எழுத்தைக் கூட்டி வாசித்தால் அதில் நம் 'குணம்' இருக்கிறது. செய்த நன்மையைப் பார்த்து மகிழ்கிறேன் என்கிற மாதிரி. கிளம்புகிற அன்று பனையேறியிடம் அதைச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஓலையில் பொதிந்த பனைவெல்லம் ஆறு பொதி கையில் வைத்தார், உன் ஊர் ஆட்களுக்கு என்று. யேய் ஒரு சின்னப் பானை கொடுத்தார். அது விமானத்தில் விரிசல் விட்டுவிட்டது.

வெல்லத்தைக் கசியாமல் இருக்க அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் வேப்பமரத்தடியில் வைத்திருப்பேன், ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நம் கருப்பட்டி நிறம் இருக்காது, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். மேலத்தெரு ஆச்சிக்கு மட்டும் இரண்டு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சிலிருந்து,
உங்கள் தம்பி