உயிர்ச்சான்று கொடுக்க வருகிறவரிடம் கொஞ்சம் ரத்தமும் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 கொடி நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட படத்தில், சால்வை போர்த்தி வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்த முன்னாள் படைவீரர்களில் இரண்டு பேர் என் நோயாளிகள். எவர் எவர் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் அன்று காலை என்னிடம் ஊசி போட்டுக்கொண்டுதான் விழாவுக்குப் போனார்.

தஞ்சை வட்டாரத்தில் ரத்தநோய், புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். இசிஎச்எஸ் எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையோடு வரும் மிலிட்டரிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னிடம் வருகிறவர்களில் கணிசம்.

நவம்பரில் ஒருவர் வைத்தியத்துக்காக இல்லாமல் லெட்டர் கேட்டு வந்தார். எழுபத்தோரு வயது, வலங்கைமான் பக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கேப்சிடபின் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சிலருக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்துத் தோலை உரித்துவிடும். விரல் நுனியில் ரேகையே மழுங்கிப்போகும். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போன இடத்தில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. “நான் உசுரோடதான் இருக்கேன்னு ஒரு லெட்டர் குடுங்கம்மா” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

எழுதும்போது அவருடைய ஃபைலை மறுபடி புரட்டினேன். (மிலிட்டரிக்காரர் ஃபைல் தேதிவாரியாக இருக்கும். மற்றவர்களுடையதில் மளிகைச் சீட்டும் கலந்து கிடக்கும்.) அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட் ஒன்று. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்தது. ஹீமோகுளோபின் 9.8. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பார்த்தவர் ஒரு அயர்ன் டானிக் எழுதியிருக்கிறார், அத்தோடு சரி. அறுபதைக் கடந்த ஆணுக்கு இரும்புச்சத்து குறைகிறதென்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். முதலில் குடலைப் பார்க்க வேண்டும். டானிக்கில் எண் கொஞ்சம் ஏறியது, கசிவு நிற்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தத் தப்பு எங்கும் நடக்கிறது, படிக்கிற காலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

ஒரத்தநாடு பக்கத்து ஹவில்தார் ஒருவர். ஒன்பது மாதமாக முதுகுவலி. களத்தில் மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் இரண்டு. என் முன்னால் வந்து உட்காரவில்லை, விறைப்பாக நின்றார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பது எங்கள் வழக்கம். “ரெண்டு இருக்கும்மா” என்றார். பின்னால் நின்ற அவர் மனைவி, “ரெண்டா? படுத்துத் தூங்கி மாசமாச்சு டாக்டரம்மா. செவுத்தப் புடிச்சிக்கிட்டு விடிய விடிய நிக்கிறாரு” என்றார். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா நிறுத்தவில்லை. சாப்பாடு இறங்காதது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சிறுநீர் நுரைப்பது என்று எல்லாவற்றையும் அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து பட்டாளத்துக்காரர் வந்தால் நான் முதலில் கேட்பது வீட்டம்மாவிடம்தான்.

எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்பு நசுங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 7.2. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 4.6. மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் அடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோய் இது. எலும்பை அரிக்கும், ரத்தம் ஊறுவதைக் கெடுக்கும், அந்தச் செல்கள் சுரக்கிற புரதம் போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சிறுநீரகத்தை அந்த வலி மாத்திரையும் சேர்ந்து சாய்த்துவிட்டது. வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போர்டிசோமிப் ஊசி. ஒரு வாரம்கூட அவர் தவறியதில்லை. பஸ் ஓடாத நாளில் மகனோடு பைக்கில் வந்தார். கிரியேட்டினின் 1.9இல் நிற்கிறது. அதற்குக் கீழே இறங்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொருவர் நீடாமங்கலம் பக்கம், சியாச்சினில் இருந்தவர். ஹீமோகுளோபின் 19.4. “பனிமலையில இருந்தவனுக்கு ரத்தம் கூடத்தானே செய்யும்?” என்றார். கூடும், உண்மைதான். காற்றில் ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் உடம்பு சிவப்பணுக்களை அதிகம் செய்துகொள்ளும். ஆனால் ஒரு சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள். இவர் மலையிறங்கி இருபது வருஷம் ஆகிறது. குளித்தால் உடம்பு அரிக்குமா என்று கேட்டேன். “வெண்ணாத்துத் தண்ணி முன்ன மாதிரி இல்லம்மா” என்றார். தண்ணீர் மேல் பழியில்லை. குளித்தபின் வரும் அந்த அரிப்பு பாலிசைத்தீமியா வீரா என்ற நோயின் அடையாளம். ஜாக்2 எனும் மரபணுப் பரிசோதனை அதை உறுதி செய்தது. ரத்தம் கெட்டிப்பட்டு எப்போது வேண்டுமானாலும் பக்கவாதத்தில் தள்ளக்கூடியது. வைத்தியத்தின் முதல் படி, ரத்தத்தை எடுத்துவிடுவது. பையை அப்புறப்படுத்தப் போனபோது அவருக்கு மனசே ஆகவில்லை. “யாருக்காச்சும் ஏத்துங்கம்மா, வீணாப் போகுதே” என்றார். நோயுள்ள ரத்தம், ஏற்றக்கூடாது என்று மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. இப்போதும் ஒவ்வொரு முறையும் பை போகிற திசையையே பார்ப்பார்.

மன்னார்குடி நாயக் ஒருவருக்குக் காலில் ஆறாத புண். அதற்காக எடுத்த ரத்தத்தில் வெள்ளையணு ஒரு லட்சத்து இருபதாயிரம். சிஎம்எல் எனும் ரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் 400 மில்லிகிராம் தினம் ஒன்று; பதினோரு வருஷமாக வயலுக்குப் போய் வருகிறார். இந்த மாத்திரைக்குப் புதிய காப்புரிமை தர முடியாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் குறைந்த விலைத் தயாரிப்புகள் நம் நாட்டில் நிலைத்தன. புண் வராமலிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார்.

“பார்டர்ல இருந்ததாலயா டாக்டர்?” என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்ல என்னால் முடியாது. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லி தெளிக்கப்பட்ட இடங்களில் இருந்த தன் வீரர்களுக்கு மைலோமா வந்தால் அது பணியால் வந்ததாகவே அமெரிக்க அரசு எடுத்துக்கொள்கிறது. மைலோமாவுக்கு முந்தைய நிலையையும் 2022இல் சட்டம் போட்டு அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மவர்கள் அந்தக் களைக்கொல்லியில் நின்றவர்கள் இல்லை. ஆனால் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் வருஷக்கணக்காக வயலில் மருந்தடித்தவர்கள் ஏராளம். எங்கே வேலை பார்த்தார், என்ன கையாண்டார் என்று நம் கேஸ் ஷீட்டில் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதத் தொடங்கியே மூன்று வருஷம்தான் ஆகிறது.

2003இல் இசிஎச்எஸ் வந்தது பெரிய காரியம். மருந்துக்குக் காசில்லை என்று திரும்பிப் போன மிலிட்டரிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வலியைச் சொல்லாமலிருக்கப் பழகிய மனுஷன் தானாக வந்து நிற்கிற வரையில் அந்தத் திட்டத்தால் என்ன செய்ய முடியும்? அவர் தவறாமல் வருவது ஒன்றுக்குத்தான். பென்ஷன்காரர்கள் பெரும்பாலோர் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கிறார்கள். அடைமழையில், சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போதும் குடையோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அந்த நாட்களில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சுகாதாரத் துறையோடு பேசி ஒரு மேசை போடட்டும். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர், கிரியேட்டினின் மூன்றும் போதும். மேலே சொன்ன நாலு பேரில் எவரும் இந்த மூன்றில் தப்பியிருக்க மாட்டார்கள்.

இதைப் புற்றுநோய் முகாம் என்று போர்டு வைக்க வேண்டாம். நோயில்லாத ஆட்களிடம் மைலோமாவைத் தேடி அலையச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் கிடையாது, நானும் சொல்லவில்லை. எண் சரியில்லையென்றால் டானிக்கோடு அனுப்பாமல் காரணம் தேட ஒரு மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் போனில் கூப்பிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் காகிதமும் பிளாஸ்டிக் கவருக்குள் தேதிவாரியாக அடுக்கப்பட்டுவிடும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களையும் விட்டுவிடக் கூடாது. கணவருக்காகப் பேசுகிற அளவு தனக்காகப் பேச மாட்டார்கள்.

வலங்கைமான்காரரின் விஷயம் முடிந்தது. விரல் வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு வசதி இருப்பதை மையத்துப் பெண்ணே பிறகு சொல்லியிருக்கிறார். செல்போன் முன்னால் அட்டென்ஷனில் நின்றிருக்கிறார். அது கண்ணைச் சிமிட்டச் சொல்லியிருக்கிறது, இவர் சிமிட்டவில்லை. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை பேத்தி காதோரம் ஊதிய பிறகுதான் சிமிட்டினாராம். லெட்டரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நோயாளிகளை ஊரில் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தநோய், புற்றுநோய் மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர்.