மேசையில் இருந்த நோட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஒருவழியாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள், வீடு மறுபடியும் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கான டிஜிட்டல் திட்டத்தை எங்கிருந்து தொடங்கினாய் என்று கேட்டிருந்தாய். அடுத்த ஆண்டு அந்த வேலை உன் தலையில் விழப்போகிறது என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் தொடங்கிய இடமே தவறு. ஆறு பேர் கொண்ட குழு ஒரு மாதம் உட்கார்ந்து வரைவு எழுதினோம். மேகக் கணிமை, செயற்கை நுண்ணறிவு, இணையவழிப் படிப்பு, காகிதமில்லா அலுவலகம் என்று எல்லாமே அதில் இருந்தது. பிறகு அதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி, இரண்டு வாரத்தில் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டோம். விரல் விட்டு எண்ணக்கூடிய பதில்கள்தான் வந்தன. பெரிய எதிர்ப்பு இல்லை என்று குழுவில் சிலருக்கு மகிழ்ச்சி. எனக்கு அது உறுத்தியது. முடிந்த ஒன்றைக் கையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த நேரத்தில்தான் கண்ணில் பட்டது. நகரத் திட்டங்களில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக அவர் பிரிக்கிறார். கலந்தாலோசனை அதில் நான்காவது படிதான். அதையும் ஒப்புக்கு நடக்கும் பங்கேற்பு என்ற வகையில்தான் சேர்க்கிறார். கேட்பது மட்டும் போதாது, சொன்னவரின் சொல்லுக்கு முடிவை மாற்றும் வலு இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். படித்த மறுநாளே வரைவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டோம். அப்புறம் கூட்டம் போடுவதைக் குறைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடங்களில் போய் உட்கார்ந்தேன்.

தேர்வுப் பிரிவில் ஓர் அம்மாவின் பக்கத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது இருந்தேன். மறுமதிப்பீட்டில் மாறிய மதிப்பெண்களை மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஏற்றியதும் மேசையில் இருந்த நீளமான நோட்டைத் திறந்து பதிவெண், பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், தேதி, யார் உத்தரவு என்று கையால் எழுதினார். எதற்கு இரட்டை வேலை என்று கேட்டேன். "புதுசைப் போட்டதும் பழசு அழிஞ்சுடும் சார். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பிள்ளை வந்து கேட்டா நான் எதைக் காட்டுறது?" என்றார். எங்கள் வரைவில் அந்த நோட்டை ஒழிப்பது ஒரு சாதனையாக எழுதப்பட்டிருந்தது. அப்படியே செய்திருந்தால், திருத்தங்களுக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும். அந்த மென்பொருளுக்குத் தேவை மாற்ற வரலாறு: யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அழியாமல் நிற்கவேண்டும். அது வந்தபிறகு நோட்டை அவரே மூடுவார்.

இன்னொரு நாள் பார்வையற்ற மாணவி ஒருவர் தன் மடிக்கணினியில் பாடக்குறிப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கோப்பின் பெயரைச் சொன்னது, அதற்கு மேல் சத்தமே இல்லை. புத்தகப் பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கியிருந்தார்கள், உள்ளே எழுத்து என்று எதுவும் கிடையாது. இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு 2008இலேயே வந்துவிட்டது. படத்துக்கு விளக்கம் வேண்டும், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அதெல்லாம் எங்கள் பழைய வரைவில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. இப்போது முதல் அத்தியாயமே அதுதான், அதில் யார் சொல்லியும் நான் இறங்கிவரப் போவதில்லை.

சேர்க்கை, கட்டணம், விடுதி, நூலகம் என்று ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவர் கைப்பேசி எண்ணை மாற்றினால் நான்கு இடத்தில் சொல்லவேண்டும். ஒரு நிறுவனம் உருவாக்கும் மென்பொருள் போன்ற அமைப்புகள், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை அப்படியே பிரதிபலிக்கும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இலேயே எழுதிவிட்டார். இந்த நான்கு பிரிவுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே எங்கள் ஆலோசனையின்போதுதான். புதிய மென்பொருள் வாங்குவதைவிட அந்தச் சந்திப்பு பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

படிவம் அனுப்பினால் எல்லோரும் பேசிவிட்டதாக நினைத்துவிடாதே. இணையம் நன்றாகக் கிடைப்பவரும் நேரம் உள்ளவரும்தான் நிரப்புகிறார்கள். பகுதிநேர மாணவர்களை மாலையில்தான் பிடிக்க முடிந்தது. மதிப்பூதியத்துக்கு வரும் ஆசிரியர்கள், தங்களையும் கேட்பார்கள் என்றே நினைக்கவில்லை என்றார்கள். எனக்கு அது மிகவும் வலித்தது.

கேட்கக் கேட்க முரண்பாடும் வரும். எல்லா வகுப்பையும் பதிவுசெய்து தரவேண்டும் என்றார்கள் மாணவர்கள். பதிவு இருந்தால் நாளை எங்களுக்கு வேலை இருக்குமா என்று ஆசிரியர்கள் பயந்தார்கள். கேமரா ஓடினால் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று சில மாணவர்களே சொன்னார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு, விரிவுரையைப் பதிவுசெய்யலாம், கலந்துரையாடல் வகுப்பைக் கூடாது, பருவம் முடிந்ததும் பதிவை நீக்கிவிடவேண்டும் என்று முடிவாயிற்று. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் எல்லோருக்கும் காரணம் தெரியும். சொன்னது என்ன, செய்தது என்ன, செய்யாதது ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வெளியிட்டோம். திட்டத்தை எழுதியதைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆனது. நீ எதை விட்டாலும் இதை மட்டும் விடாதே.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டிருந்தாய். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், எது சரி என்று மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் மாணவர்கள் கேட்டது. அதற்கு ஒரு பக்க விதி எழுதினோம், ஆண்டுதோறும் திருத்துவோம். 2012இல், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெருந்திரள் இணைய வகுப்புகள் வந்தபோது பல்கலைக்கழகங்களே இருக்காது என்று பேசியவர்களை நாம் பார்த்தவர்கள்தானே, அந்த வேகத்தில் பணத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளை வாங்குவது ஒரு நாள் செலவு. உரிமத்தைப் புதுப்பிப்பது, பயிற்சி கொடுப்பது, கோளாறு என்றால் ஓடிவர ஆள் வைப்பது எல்லாம் வருடா வருடம் வரும். நிதி அலுவலரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்.

புதிய வரைவு உனக்கும் வேண்டும் என்றாய். நேற்று அதை முதலில் அந்த மாணவிக்குத்தான் அனுப்பினேன். இன்று காலை போன் செய்தார், பதினோராம் பக்கத்துப் படத்துக்கு விளக்கம் இல்லையாம். அதைச் சரிசெய்துவிட்டு நாளை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்