சுணை விழுந்த கண்ணுக்கு இங்கிலாந்து வைத்தியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கருவிழி மாற்று சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கருவிழி என்றால் இங்கே கண்ணின் முன்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் பாகம், படலம் படலமாக அடுக்கியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் முழுக் கருவிழியையும் வெட்டி மாற்றுவது குறைந்துவருகிறது, கெட்டுப்போன படலத்தை மட்டும் மாற்றுவது கூடிவருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'நாமோ இன்னும் பழைய முழு மாற்று முறையிலேயே தேங்கி நிற்கிறோம்.' அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவளுடைய வலது கண்ணில் இருப்பது நீங்கள் சொல்லும் அந்தப் பழைய முறைதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, தை மாதம், மேலூர்ப் பக்கம் எங்கள் முக்கால் ஏக்கரில் கதிர் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணில் நெல் சுணை விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்ததால் தாய்ப்பாலும் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். வாங்கியது நான்தான், மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து, பூஞ்சைக்கு அதுவே தீனி என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஐந்தாம் நாள் கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெந்த ஜவ்வரிசி ஒன்றைக் கருவிழியில் ஒட்டிவைத்தது போல இருந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காளான் நூல் நூலாக ஓடியிருந்ததாம்.

அப்புறம் நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கான சொட்டு மருந்து. பஸ் டெப்போவில் என் கூட்டாளிகள் அதற்கு 'நாட்டாமை மருந்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும். மணிக்கொரு சொட்டு, ராத்திரியும் சேர்த்து. விலை கூடிய புது மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே இந்தப் பூஞ்சைக்கு மேல் என்று 2013இல் வெளிவந்த ஆய்வு நடந்ததே நம் அரவிந்த் கண் மருத்துவமனையில்தான், அமெரிக்க டாக்டர்களோடு சேர்ந்து. பழையது என்றால் தேக்கம் என்று அவர்கள் யாரும் எழுதவில்லை.

மருந்துக்கும் கட்டுப்படாமல் புண் ஓட்டை விழுகிற நிலைக்குப் போனது. மேலிருந்து அடிவரை அரித்துவிட்ட கண்ணில் எந்தப் படலத்தை மட்டும் மாற்றுவது? வட்டமாக வெட்டி முழுசாக எடுத்தால்தான் காளானும் போகும், கண்ணும் மிஞ்சும். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த கருவிழியை வைத்துப் பதினாறு தையல் போட்டார்கள், தலைமுடியைவிட மெல்லிய நூலில். இன்றைக்கு அவள் வருகிற பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுகிறாள். முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவனுக்கு அதைவிடப் பெரிய பார்வைப் பரிசோதனை கிடையாது.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். அங்கே கருவிழி மாற்றுக்கு வருபவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். கருவிழியின் உள்பக்கச் செல்கள் மோட்டார் மாதிரி நீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபூக்ஸ் என்ற நோயில் அந்த மோட்டார் படுத்துவிடுகிறது. கருவிழி ஊறி, காலையில் எழுந்தால் மூடுபனியாகத் தெரியும். மற்ற அடுக்கெல்லாம் நன்றாக இருப்பதால் உள்படலத்தை மட்டும் மாற்றினால் போதும். கருவிழியின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர். அதில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கிற படலத்தை உள்ளே விட்டு, காற்றுக் குமிழியால் ஒட்டவைத்து, ஆளை மல்லாக்கப் படுக்கப் போடுகிறார்கள். அருமையான வைத்தியம். மதுரையிலும் அதைச் செய்கிறார்கள், கட்டுரையாளர் விசாரித்திருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் நம் வியாதி வேறு. 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழியில் புண். அமெரிக்கக் கணக்கைப்போலப் பத்து மடங்கு. அது வயல்காட்டிலிருந்து வருகிற வியாதி. அவர்கள் வியாதிக்கு ஏற்ற வைத்தியம் அங்கே கூடுகிறது, அவ்வளவுதான். தாங்கள் அறியாததல்ல.

அதே பக்கத்தில் கட்டம் கட்டி, 'கிராம மக்களின் அறியாமையே கண்தானம் குறையக் காரணம்' என்றும் போட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர்களிலேயே பத்தில் ஒருவர் அளவுக்கு 'கண்ணை மட்டும் எடுக்காதீர்கள்' என்று எழுதிவைக்கிறார்களாம். அவர்கள் எந்தக் கிராமம்?

மூன்று வருடத்துக்கு முன்பு என் அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையில் இரவு பதினொரு மணிக்கு இறந்தார். கண்ணைக் கொடுக்கிறோம் என்று நாங்களாகவே சொன்னோம். யாருக்குப் போன் போடுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் 'காலையில் டூட்டி மாறினதும் கேளுங்கள்' என்றார். இன்னொருவர் எந்த ஃபார்ம் என்று என்னையே கேட்டார். இங்கிலாந்தில் 24 மணி நேரம் வரை எடுப்பார்களாம். நமக்கு ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்தேன். இரண்டு தடவை காய்ந்துபோய் மறுபடி நனைத்து வைத்தேன். உடலைக் கையில் கொடுத்தபோது மணி ஐந்தரை. மேலூர் அண்ணனுக்கா அறியாமை, ஐயா?

வருடா வருடம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் வருகிறது. தங்கள் பத்திரிகையில் மனிதச் சங்கிலிப் படமும் குத்துவிளக்குப் படமும் தவறாமல் வரும். கீழே 'கண் மாற்று அறுவை சிகிச்சை' என்று போட்டிருக்கும், முழுக் கண்ணையும் பிடுங்கி நடுவது மாதிரி. அதைப் படித்துவிட்டுத்தான் என் சித்தி, 'முகம் குழியாகிவிடும், நான் கொடுக்க மாட்டேன்' என்றது. இதைப்பற்றி இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு கடிதம் எழுதினேன். அந்த வாரம் தாங்கள் வெளியிட்டது பூங்காவில் நாய்த்தொல்லை. வருத்தமில்லை, நாய்த்தொல்லையும் இருக்கத்தான் செய்கிறது.

தேங்கி நிற்கிறோம் என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கமாட்டேன், அச்சடித்தது அச்சடித்ததுதான். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும் பக்கத்தில், மூலையில், தீப்பெட்டி அளவு இடத்தில், மதுரைக் கண் வங்கியின் தொலைபேசி எண்ணைத் தினமும் போடுங்கள். விளம்பரக் கட்டணம் ஆகும் என்றால் தெரிவியுங்கள், ஒரு மாதத்துக்கு என் பென்ஷனில் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
மேலூர் வட்டம்.

(பெயர் போட வேண்டாம். மெடிக்கல் ஷாப் விஷயத்தை ஊருக்கே எழுதிவிட்டேன் என்று வீட்டில் ஏற்கனவே கோபம்.)