வைகை எக்ஸ்பிரஸில் வந்த அக்காவுக்கு நன்றி

போன வாரம் மதுரையிலிருந்து சென்னை வரும்போது எதிர் சீட்டில் இருந்த அக்கா, உங்கள் பெயரைக் கேட்பதற்குள் திருச்சியில் இறங்கிவிட்டீர்கள். இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று மனசார வேண்டுகிறேன்.

என் மகளுக்கு இரண்டு வயது, டைப் 1 சர்க்கரை நோய். அன்று இன்சுலின் போட்ட பிறகு இட்லியைத் துப்பிவிட்டாள். திண்டுக்கல் தாண்டியதும் வியர்த்துக் கொட்டியது. சிணுங்கிக்கொண்டே துவண்டு சாய்ந்தாள். தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாத வயது. சாப்பிடாததால் இன்சுலின் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிட்டது; சர்க்கரை பார்க்கும் மீட்டர் 52 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் பாசத்தோடு சாக்லேட் நீட்டினார்கள். "அது வேண்டாம்மா, அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதமாக்கும்" என்றீர்கள். குழந்தை விழித்திருக்கிறாளா, விழுங்குகிறாளா என்று முதலில் பார்த்தீர்கள். பிறகு ஒரு டீஸ்பூன் சர்க்கரையை, 4 கிராம் இருக்கும், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டினீர்கள். "நினைவு தப்பிட்டா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதே, புரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்று நிதானமாகச் சொன்னீர்கள். அந்தக் குரல்தான் என்னைத் தாங்கியது.

15 நிமிடம் கழித்துப் பார்த்தோம்: 84. அப்புறம்தான் பிஸ்கட் கொடுக்கச் சொன்னீர்கள், மறுபடி இறங்காமல் இருக்க. அவள் அதைக் கடித்துக்கொண்டே உங்கள் வளையலைப் பிடித்து இழுத்தாள்.

நீங்கள் சொன்னபடி டாக்டரிடம் குளுக்ககான் ஊசி (சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால் அதை ஏற்றப் போடுவது) பற்றிக் கேட்டுவிட்டேன், அக்கா. பாப்பா நன்றாக இருக்கிறாள். நீங்களும் உங்கள் குடும்பமும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.