அம்மாவின் முழங்காலுக்கு எந்த சிமெண்ட்?

அன்புள்ள மணி,

அம்மாவின் மூட்டு மாற்று எஸ்டிமேட்டில் 'ஆன்டிபயாடிக் சிமெண்ட்' என்று போட்டிருக்கிறது, வீடு கட்டுகிற சிமெண்டா என்று கேட்டிருந்தாய். சிரித்துவிட்டேன்.

அது அக்ரிலிக், பல்செட் செய்கிற பொருளின் உறவு. 40 கிராம் தூள், சின்னக் கண்ணாடிக் குப்பியில் திரவம். இரண்டையும் கலந்ததும் ஆபரேஷன் தியேட்டர் முழுக்க நெயில் பாலிஷ் நெடி. முதலில் கூழ், அப்புறம் கையுறையில் ஒட்டாத மாவுப் பதம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல். இறுகும்போது நன்றாகச் சுடும். பசை என்று நினைக்காதே. எலும்புக்கும் செயற்கை மூட்டின் உலோகத்துக்கும் நடுவே இண்டு இடுக்கில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதில் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து பார்த்தவர் ஹாம்பர்க் சர்ஜன் புக்ஹோல்ஸ், 1960களின் கடைசியில். அவருக்கு வாய்த்தது ஜென்டாமைசின். அந்தச் சூட்டில் கெடாது, தண்ணீரில் கரையும். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாதே, கிருமி அதில் பாசி மாதிரி படிந்துவிட்டால் ஊசி மருந்து எட்டுவது கஷ்டம். சிமெண்டிலிருந்து முதல் சில நாள் மருந்து நிறையக் கசியும், பிறகு சொட்டுச் சொட்டாக. அதுவும் மேற்பரப்பில் இருப்பதுதான் பெரும்பாலும். உள்ளே சிக்கியது சிக்கியதுதான்.

அதற்காக அள்ளிப் போடவும் முடியாது. வருமுன் காக்க 40 கிராமுக்கு அரை கிராம், ஒரு கிராம்தான் வழக்கம். கூடினால் சிமெண்ட் வலுவிழக்கும். ஒருமுறை மருந்து கலந்தே வரும் ரெடிமேட் பாக்கெட் தீர்ந்துபோய், புதுப் பையன் ஜென்டாமைசின் ஊசி மருந்தையே உடைத்து ஊற்றப் போனான். சர்ஜன் போட்ட சத்தத்தில் மயக்க டாக்டரே எழுந்து நின்றுவிட்டார்! திரவம் சேர்ந்தால் சிமெண்டின் பலம் போய்விடும். தூளாகத்தான் சேர்க்க வேண்டும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. குறைந்த அளவில் கசிந்துகொண்டே இருந்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது, நான் போடச் சொல்வேன். முன்பு ஜென்டாமைசின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. சிமெண்ட் இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன் போடுகிற ஊசியை விட மாட்டார்கள்.

அம்மாவின் அந்தச் சொத்தைப் பல்லை இன்னும் பிடுங்கவில்லையாமே? முதலில் அதைப் பார். மூன்று மாதச் சுகர் ரிப்போர்ட் வந்ததும் அதிலுள்ள அளவை எழுது.

அன்புடன்,
ரவி