கோட்டை வாசலில் ஒரு மீன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நல்ல சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வீடெல்லாம் புழுதி.

போன கிழமை காணி உறுதியின் பிரதி எடுக்கக் கந்தோருக்குப் போனேன். காலையில் வரச் சொன்னவர்களே பின்னேரம் வாருங்கள் என்றார்கள். சரி, திரும்பி வருவானேன் என்று, ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கடற்படை ஆணையாளர் இருந்த வீட்டுக்குப் போனேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கையில் பாழடைந்து கிடந்ததே, அதுதான். 2013இல் திருத்தி, கடற்படை நூதனசாலையாகத் திறந்தார்கள். தடித்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. விறாந்தையில் நிற்கும்போதுதான் நினைத்தேன், காலையில் நான் காத்துக்கிடந்த 'கந்தோர்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனதுதானே. 'யன்னல்' போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது.

அப்புறம் கோட்டைக்கு நடந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உன் கையைப் பிடித்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போன அதே வழி. எத்தனை நூறு தடவை அந்த வாசலைக் கடந்திருப்போம்! ஒருநாளாவது நின்று பார்த்தோமா? மேலே பிரித்தானிய அரசின் சின்னம். பக்கத்துக் கல்லில் பாண்டியரின் கயல்மீன், கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்து. கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்ட மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. விரலால் மீனைத் தடவிப் பார்த்தேன். வெயிலில் கல் சுட்டது, ஆனாலும் வெட்டின கோடு விரலுக்குத் தெரிந்தது.

1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் பிரித்தானியர் கைக்கு. 1803இல் அவர்கள் தங்கள் அரசரின் மகன் பெயரை வைத்து 'பிரெட்ரிக் கோட்டை' ஆக்கினார்கள். உள்ளே வெல்லிங்டன் பிரபு இளமையில் தங்கிய வீடும் இருக்கிறது, அது இருக்கட்டும். என் மனதை விட்டுப் போகாதது அந்தக் கல்தான். கோயில் மலை உச்சியில்தான் தொடங்குகிறது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வாசலிலேயே அது தொடங்கிவிடுகிறது, பிள்ளை. அதைத் தெரியாமல் உன்னை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அது எனக்குப் பெரிய மனக்குறை.

ஆவணியில் வரும்போது நிலாவெளிக் கடலுக்கு மட்டும் நாள் ஒதுக்காதே. ஒரு காலை எனக்குத் தா. வெயில் ஏறுமுன் போவோம். பேரன் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்க்கத்தான் ஓடுவான், ஓடட்டும். வாசலில் மட்டும் அவனைத் தூக்கி அந்த மீனைத் தொட வைக்க வேண்டும். என் உயரத்துக்கே எட்டுகிறது, அவனுக்கு எட்டாது.

உறுதிப் பிரதி இன்னும் வரவில்லை. வியாழன் மறுபடி போகிறேன். மருமகனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை